எட்டு நிமிடம்

புதிதாக வரும் மூவாயிரம் வீடுகளில் தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி எட்டு நிமிடத்தில் போய்விடும் என்று திட்ட அறிக்கை சொன்னது. சரிபார்க்க வந்த ஆய்வு அதிகாரி திலோத்தமை வண்டியிலேயே ஏறிக்கொண்டார். அந்த இடத்துக்குப் போகும் வழியில், சவேரியார் தெருவில் வண்டி இரண்டு பக்கச் சுவர்களுக்கும் நடுவே சிக்கி நின்றது. கதவைத் திறக்கவும் இடமில்லை. சத்தம் கேட்டு வெளியே வந்த ரெஜினா தன் வீட்டுச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"தெருவ அகலமாக்க வீட்ட இடிக்கப்போறீங்களா மேடம்? போன வாரம்தான் அளந்துட்டுப் போனாங்க."

திலோத்தமை ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "எதுக்கும்மா இடிக்கணும்? புது வீடு கட்டுற இடத்துலயே ஒரு தீயணைப்பு நிலையமும் கட்டணும்னு எழுதப்போறேன். அது இல்லாம அனுமதி கிடையாது."

ரெஜினா நீளமாக மூச்சு விட்டாள். பிறகு வண்டிக்குப் பின்னால் போய் நின்று, "வரட்டும், வரட்டும்" என்று தெருமுனைவரை கைகாட்டிக்கொண்டே நடந்தாள்.