கண் பட்ட ஜோடி

பனி கொட்டும் ஊரிலிருந்து அந்த வெயில் தீவுக்கு வந்ததிலிருந்து அவர்கள் இருவருக்குள்ளும் ஒரு சண்டைகூட இல்லை. வீட்டில் உப்புச்சப்பில்லாத விஷயத்துக்கெல்லாம் முட்டிக்கொண்டவர்கள்தான்.

"ஏசியைக் குறைக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் அவன் குறைத்தான். ஜன்னலோரக் கட்டிலை அவளுக்கே விட்டுக்கொடுத்தான். அவன் குறட்டைக்கு அவளும் முணுமுணுக்கவில்லை.

கிளம்பும் காலையில் ஹோட்டல் மேனேஜர் அம்மாள் பூங்கொத்தோடு வந்தாள்.

"என் கண்ணே பட்டுடும் போலிருக்கு! இவ்வளவு அனுசரணையான ஜோடியை நான் பார்த்ததே இல்லை. எப்படிம்மா முடியுது?"

அவன் கடலைப் பார்த்தான். அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

"இங்கே வர்றதுக்கு முந்தின வாரமே எங்களுக்கு விவாகரத்து ஆயிடுச்சுங்க. டிக்கெட்டைத்தான் கேன்சல் பண்ண முடியலை."