மறுபயிற்சி பெற்றவர்

“இன்னிக்கு நீதான் தினேஷ். பேரக் கேட்டா முழிச்சிக்கிட்டு நிக்காத.”

சூப்பர்வைசர் பழனிச்சாமி, யுவனின் கழுத்தில் அவன் அண்ணனின் அடையாள அட்டையை மாட்டிவிட்டார்.

இருவருக்கும் ஒரே சாடை. தலைக்கவசம் போட்டால் பெற்றவளே ஒரு கணம் தடுமாறுவாள்.

ஹென்னூரில் பாதி எழும்பியிருந்த அந்த அடுக்குமாடி, பெண் பார்க்க வருகிற வீடு போலப் பரபரத்தது. தரச்சான்றுக்காக ஆடிட்டர் வருகிறார். புதுத் தலைக்கவசங்களின் பிளாஸ்டிக் உறையைக் காலையில்தான் கிழித்திருந்தார்கள். மாலையில் திருப்பித் தந்துவிட வேண்டும். ‘தரமே எங்கள் உயிர்மூச்சு’ என்று மூன்று மொழிகளில் பலகை. மூன்றையும் மறைத்துக்கொண்டு சாமந்தி மாலை.

நாலாவது மாடியில், லிஃப்டுக்கு விட்ட குழியின் முன்னால் மஞ்சள் பெயின்ட் அடித்த இரும்புக் கதவு. தினேஷ் விழுந்த பிறகு வைத்தது.

கம்பெனிக் கோப்பில் அந்தக் கதை சுபமாகவே முடிந்திருந்தது. தொழிலாளியின் கவனக்குறைவு, சிறு காயம், மறுபயிற்சி, பணிக்குத் திரும்பினார். ஆடிட்டர்தான் போன வருடம், “அடுத்த தடவை அந்த ஆளைப் பாக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஒழுங்காகப் பதில் சொன்னால், ஆபீசில் காபி போடும் வேலை அண்ணி மகாவுக்கு நிரந்தரம். உளறினால் நாளைக்கே வேறு ஆள்.

ஆடிட்டர் வைத்தீஸ்வரன் நல்ல மனிதர். யுவனை நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

“இப்பல்லாம் சேஃப்டி பெல்ட் போடறீங்களா?”

அன்றைக்கு சைட்டில் பெல்ட்டே இருக்கவில்லை என்பது நாக்கு நுனிவரை வந்தது. வாசலில் அண்ணி காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். யுவன் விழுங்கிக்கொண்டான்.

“போடறேன் சார்.”

“எங்கயாவது வலி இருக்கா?”

“இல்ல சார். இப்ப ஒரு வலியும் இல்ல.”

“தும்ப சந்தோஷ,” என்று முதலாளி பத்ரிநாத் கன்னடத்தில் மகிழ்ந்து கைதட்டினார். அறை முழுக்கத் தட்டியது.

மகா காபியை நீட்டினாள். அவள் பார்வை அட்டையிலிருந்த படத்தைவிட்டு நகரவில்லை. ஆடிட்டர் அதைக் கவனித்துவிட்டார்.

“தெரிஞ்சவராம்மா?”

“எங்க வீட்டுக்காரரு சார்.”

யுவன் தலை குனிந்துகொண்டான்.

“பொழச்சி வந்திருக்காரு. பத்திரமா பாத்துக்கம்மா.”

கார் கிளம்பியதும் எல்லாருக்கும் மைசூர்பாக் கொடுத்தார்கள். யுவன் தலைக்கவசத்தை ஒப்படைத்துவிட்டு, காபி போடும் அறைக்குப் போனான்.

மகா நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை மெதுவாக உரித்துக்கொண்டிருந்தாள். அண்ணனைக் கல்பள்ளி மயானத்தில் புதைத்த நாளிலிருந்து வெறுமையாக இருந்த நெற்றி அது. பொட்டு, காலையில் பழனிச்சாமி வாங்கித் தந்தது.

“தூக்கிப் போடுங்க அண்ணி.”

அவள் அதைப் பழையபடி பொட்டு அட்டையில் ஒட்டி, சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள்.

“இருக்கட்டும் யுவா. அடுத்த வருஷமும் வருவேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரில்ல.”