அடைக்காத பீர்

கோயில் மணி நாலு அடித்ததும் வோய்தேக் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"பீரைப் பார்த்துட்டு வந்துடறேன், க்வேதா."

"போயிட்டு வாங்க," என்றாள் கட்டிலில் கிடந்த மனைவி.

லிபுஷாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தங்கையைப் பார்த்துக்கொள்ள அவள் இந்த வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. பத்து நாளும் இதே கூத்துதான். டாக்டர்கள் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்ட பெண்டாட்டியைப் போட்டுவிட்டு, மனுஷன் நிலவறைக்குள் இறங்கிவிடுவார். ஒரு மணி நேரம் கழித்துக் கண் சிவந்து, ஸ்வெட்டரெல்லாம் பீர் நாற்றத்தோடு ஏறி வருவார்.

"அதென்னடி அப்படியொரு பீர்? நவம்பர்ல மார்ட்டின் திருநாளுக்குப் பீப்பாய்ல ஊத்தினது. இப்போ தவக்காலமே வந்தாச்சு. மூணு வாரத்துல பாட்டில்ல அடைச்சிடணும்னு நீதானே சொல்லுவே?"

முப்பது வருஷமாக அந்த வீட்டில் அதுதான் வழக்கம். காய்ச்சுவது வோய்தேக்; முகர்ந்து பார்த்து, அடைக்கிற நாளைச் சொல்வது க்வேதா.

"இந்தத் தடவை மெதுவா ஊறுது அக்கா."

"பீர் ஊறுதோ, உன் வீட்டுக்காரர் ஊறுறாரோ!"

க்வேதா சிரிக்கப் பார்த்தாள். இருமல்தான் வந்தது.

லிபுஷா அலமாரியைத் திறந்து தங்கையின் துணிகளை ஒரு பையில் திணிக்க ஆரம்பித்தாள். "சனிக்கிழமை என் பையன் கார் கொண்டு வரான். நீ என் வீட்டுக்கு வந்துடு. இருக்கிற நாலு நாளும் ஒரு குடிகாரனோட கிடக்க வேண்டாம்."

"அக்கா, வேண்டாம். நான் இந்தக் கட்டில்லயே போயிடறேன்..."

"சும்மா இருடி. அவரைக் கேட்டுட்டு வரேன் ரெண்டு வார்த்தை."

ஜெபமாலையை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டு, திட்டப் போகிற திட்டை மனசுக்குள் அடுக்கியபடியே படியிறங்கினாள்.

கழுவிக் கவிழ்த்த பாட்டில்கள் பெட்டி பெட்டியாகத் தூசி படிந்து கிடந்தன. குடிக்கிற கிளாஸ் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. பீப்பாயில் ஊற்றும்போது கோடு போட்ட இடம் வரைக்கும் பீர் அப்படியே நின்றது. ஒரு சொட்டுக் குறையவில்லை. பக்கத்தில் போனதும் ரப்பர் கருகின மாதிரி குப்பென்று அடித்தது.

அந்தப் பீப்பாயைக் கட்டிக்கொண்டு, வாய்க்குள் துண்டை அடைத்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தார் வோய்தேக்.

லிபுஷாவுக்குத் திட்டெல்லாம் மறந்துபோனது.

"வோய்தேக்... இது கெட்டுப்போச்சேப்பா."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தெரியும் அக்கா."

"அப்புறம் கொட்டித் தொலைக்கிறதுதானே?"

"கொட்டிட்டாலும் சரி, அடைச்சுட்டாலும் சரி, கீழ வர்றதுக்கு அவகிட்ட என்ன சொல்லிட்டு வருவேன்? அவ எதிர்ல இன்னிக்கு வரைக்கும் நான் கண் கலங்கினதில்ல. தெரிஞ்சா தாங்கமாட்டா. சொல்லிடாதீங்க அக்கா."

லிபுஷா மேலே ஏறி வந்தாள். துணிப் பையைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

க்வேதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடைக்கச் சொல்லித் திட்டிட்டியா அவரை?"

"இல்லடி. இன்னும் தெளியலையாம். ஒரு வாரம் ஆகும் போல."

க்வேதா அக்காவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நீயும் அழுதிருக்கே," என்றாள். "அது ஜனவரியிலயே கெட்டுப்போச்சு அக்கா. அவர் ஸ்வெட்டர்லயே அந்த வாடை தெரியுது. நான்தான் தெரியாத மாதிரி 'இன்னும் ஒரு வாரம் விடுங்க'ன்னு தள்ளிக்கிட்டே வரேன். பாவம், அழறதுக்கு அவருக்கு வேற இடம் ஏது?"