பின்பக்கம் பூங்கா

"பந்து உள்ளே வந்து விழுந்தா யாருங்க எடுத்துக் குடுத்துக்கிட்டே இருக்கிறது?" என்று கேட்டார் பல் டாக்டர்.

"நான் எடுத்துக் குடுப்பேன்" என்றாள் அவள்.

அவர் கேட்டது வீட்டுத் தரகரிடம். மூன்று ஆண்களும் திரும்பிப் பார்த்ததும், சமையலறை ஜன்னல் அருகே நின்றிருந்த அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

வீடு காலியாக இருந்தது. சொந்தக்காரர் வெளியூரில். சாவி தரகர் கையில். பின்னால் நான்கு எட்டு வைத்தால் முடிந்துவிடும் முற்றம், இடுப்பளவு சுவர், அதில் ஒரு சின்ன இரும்புக் கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் பூங்கா. ஞாயிற்றுக்கிழமை காலை என்பதால் ஒரே கூட்டம்.

"டாக்டர், இவங்க போன வாரமே பார்த்துட்டுப் போனவங்க" என்றார் தரகர். "இன்னைக்கு முடிவு சொல்ல வந்திருக்காங்க. யார் முதல்ல முன்பணம் குடுக்கறீங்களோ அவங்களுக்கு வீடு. எனக்கு ரெண்டு பேரும் ரெண்டு கண்ணு."

"ஒரு கண்ணை மூடித்தானே ஆகணும்?" என்றார் அவள் பக்கத்தில் நின்றவர். ஐம்பது வயதிருக்கும். சட்டையில் இஸ்திரி மடிப்பு கத்திபோல் நின்றது.

டாக்டர் சுவரை ஒவ்வொரு இடமாகத் தட்டிப் பார்த்தார், பல்லைத் தட்டுவது போலவே. "நாளெல்லாம் அடுத்தவங்க அலறலைக் கேட்டுட்டு வீட்டுக்கு வர்றவன் நான். வீட்டுல ஏற்கெனவே ஆறு பேர். இங்கே பின்னாடி வேற கத்துவாங்களா?"

"சாத்திட்டா ஒண்ணும் கேட்காது" என்று தரகர் ஜன்னலைச் சாத்தினார். சத்தம் சட்டென்று நின்றது.

"திறந்தே இருக்கட்டுங்க" என்றாள் அவள். அவளே திறந்தாள்.

பிறகு பக்கத்தில் நின்றவரிடம், "என்னங்க, இந்தச் சமையல் மேடைகிட்ட நின்னு காய் நறுக்கினா அந்தப் பெஞ்சு தெரியுது பாருங்க. தினம் யாராவது வந்து உட்காருவாங்க, இல்ல?" என்றாள்.

"யாரும் வரலேன்னா நான் போய் உட்கார்றேன். நீ இங்கேருந்து பாத்துக்க."

அவள் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

"நான் வேலைக்குப் போயிட்டா இவ பகல் பூரா தனிதான் டாக்டர்" என்றார் அவர். "இப்ப இருக்கிற இடத்துல ஜன்னலைத் திறந்தா பக்கத்துக் கட்டடத்துச் சுவர். கையை நீட்டினா தொட்டுடலாம்."

"அந்தச் சுவர்ல ஒரு பல்லி இருந்துச்சு" என்றாள் அவள். "அதுகிட்ட ஏதாவது பேசுவேன். போன மாசத்துலேருந்து அதையும் காணோம்."

வேடிக்கையாகத்தான் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. தட்டிக்கொண்டிருந்த கையை டாக்டர் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார்.

அவள் முற்றத்துக்குப் போய் இரும்புக் கதவின் தாழ்ப்பாளை நீக்கினாள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் பூங்காவில். வேகமாக நடந்துவந்த ஒரு பெண்மணி மூச்சு வாங்க நின்றாள்.

"நீங்கதான் புதுசா வரப்போறீங்களா?"

"இன்னும் தெரியலைங்க."

"வந்துடுங்க. நாங்க நாலு பேர் தினம் ஆறு மணிக்கு நடக்கிறோம். நடக்கிறது கொஞ்சம், மத்தவங்களைப் பத்திப் பேசறது நிறைய. அஞ்சாவது ஆளா வந்து சேர்ந்துக்கங்க."

"வர்றேன்" என்றாள். அந்தப் பெண்மணி வளைவில் மறையும்வரை அங்கேயே நின்றாள்.

உள்ளே திரும்பி வந்தபோது அவள் குரல் மாறியிருந்தது. "என்னங்க, முடிச்சிடலாங்க."

"அவசரப்படாதே. என் தங்கச்சி வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு, சாயங்காலத்துக்குள்ள சொல்லிடலாம்."

"சாயங்காலம்வரைக்கும் நான் தாங்குவேன். வீடு தாங்கணுமே?" என்று தரகர் சாவிக் கொத்தை ஆட்டினார்.

டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். போனை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். "ஏம்மா, வாங்கிடவா? வேற பார்ட்டி துடிக்கிறாங்க... சேச்சே, சத்தமெல்லாம் ஒண்ணும் பெருசா இல்ல."

வெளியே வந்து செக் புத்தகத்தை எடுத்து, பேனாவைத் திறந்தார். "முன்பணம் நான் இப்பவே குடுக்கிறேன்."

"நாங்கதானே முதல்ல வந்தோம்" என்றாள் அவள். யாருக்கும் கேட்காத அளவு மெதுவாக.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கி மேடைமேல் சொட்டியது. அவள் துடைக்கவில்லை. டாக்டர் பார்த்துவிட்டார்.

"மனசுல வெச்சுக்காதீங்கம்மா" என்று சொல்லிவிட்டு, இன்னும் வேகமாகக் கையெழுத்துப் போட்டார்.

அவளும் கூட வந்தவரும் தெருமுனைவரை நடந்தார்கள். மூடிக் கிடந்த ஒரு கடை வாசலில் நின்றார்கள். சற்று நேரத்தில், டாக்டரை வழியனுப்பிவிட்டுத் தரகர் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு. சட்டைப் பையிலிருந்து இரண்டு கவர்களை எடுத்து, ஆளுக்கு ஒன்றாக நீட்டினார்.

"தங்கச்சி வீட்டுக்காரர்னு புதுசாச் சேர்த்தீங்க பாருங்க சார், பிரமாதம்" என்றார். பிறகு அவளிடம் திரும்பினார். "அம்மா, அழணும்னு நான் சொல்லித் தரவே இல்லையே, மனுஷன் அதுலதான் விழுந்தாரு! அடுத்த ஞாயிறு உங்களுக்கு வேற வீடு, வேற புருஷன். அந்த அழுகையை மட்டும் மாத்திடாதீங்க."