தூரத்திலிருந்து இழுத்த பாலம்

ஜோர்டானின் அம்மான் நகரில் வெள்ளிக்கிழமை மதியம். ஜன்னல் வெயிலில் புதினாத் தேநீர் ஆறிக் கிடக்கிறது. வார விடுமுறைக்குப் பூட்டிய அலுவலகத்தின் கணினி, வீட்டுத் திரைக்குள் இன்னொரு திரையாகத் திறந்திருக்கிறது. ஞாயிறு காலை ஒப்படைக்க வேண்டிய பாலத்தின் வரைபடங்களை, மகா பொறியாளரான என் கணவர் அதிலிருந்து சுட்டியால் இழுக்கிறார். பச்சைக் கோடு நிறைகிறது. "பென் டிரைவ்ல எடுத்துட்டு வாங்கன்னு சொன்னியே, பட்டிக்காடு!" என்று நெஞ்சை நிமிர்த்துகிறார். கையோடு அலுவலகக் கணினியை அணைத்தும் விடுகிறார். பிறகு வீட்டுக் கணினியில் தேடுகிறார். ஒன்றுமில்லை. இழுத்ததெல்லாம் அலுவலகக் கணினிக்குள்ளேயே ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குத்தான். அதை மறுபடி எழுப்ப, அங்கே போய்ப் பொத்தானை அழுத்த ஒரு விரல் வேண்டும். சாவி வைத்திருக்கும் காவலாளியோ தொலைவில் அகபாக் கடற்கரையில் மீன் பிடிக்கிறான். கணவர் நெற்றியில் வேர்வை பொட்டுப் பொட்டாக நிற்கிறது. "அபூ ஸுஹைர், தேநீரையாவது எடுத்துக் குடிங்க," என்று மகன் பெயரைச் சேர்த்து அவரை அழைத்துச் சொல்கிறேன். "அது இந்தப் பக்கம்தான் இருக்கு."