சிவப்புக் குழாய்த் தண்ணீர்

அமீரகத்தின் அல் ஐனில் கோடை வந்தால் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கும். ஹீட்டரை அணைத்துவிட்டு, அதற்குள் ஆறிக்கிடக்கும் தண்ணீரில்தான் எல்லோரும் குளிப்பார்கள். ஹீட்டரிலிருந்து வரும் சிவப்புக் குழாயைத் திறந்தால் குளிர்ச்சி, தொட்டியிலிருந்து நேரே வரும் நீலத்தைத் திறந்தால் தோல் உரியும். அங்கேயே பிறந்து, பத்தாம் வகுப்பு வரை வந்துவிட்ட ஹஃப்ஸாவின் கைக்கு இது மட்டும்தான் பழக்கம்.

வெள்ளிக்கிழமை காரில் வாப்பா மெல்ல ஆரம்பித்தார். “இங்க துபாய் மாதிரி வாடகை கொல்லாது, தெருவெல்லாம் மரம். ஆனா எத்தன வருஷத்துக்கும்மா? நம்ம ஊரு கீழக்கரைக்கே போயிடுவமா?”

அவள் சீட் பெல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “பயமா இருக்கு வாப்பா. போன லீவுல அங்க சிவப்பைத் தொறந்து கையைச் சுட்டுக்கிட்டேன். மாமி வீட்டு மச்சிமாரு இன்னும் சொல்லிச் சிரிக்கிறாங்க. அங்க எனக்கு ஒண்ணுமே தெரியாது.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “நானுந்தான் சுட்டுக்கிட்டேன். உம்மாகிட்ட சொல்லிடாத.”

“நீங்க அந்த ஊருதானே வாப்பா?”

“அப்படித்தான் நானும் நெனச்சேன்.”

அவள் சிரித்துவிட்டாள். அப்புறம், “அப்ப போறமா, இருக்கமா?” என்று கேட்டாள்.

ரவுண்டானா வந்தது. வீட்டுக்குத் திரும்பும் பாதையை விட்டுவிட்டு, வாப்பா இன்னொரு சுற்று சுற்றினார்.