பாதையில் வந்த கல்

கிரகங்களின் வரிசையிலிருந்து புளூட்டோவை நீக்கிவிட்டார்கள் என்று பூமியிலிருந்து சேதி வந்தது. தன் பாதையில் வேறு யாரையும் அண்டவிடாதவர்தான் கிரகமாம். புளூட்டோவோ வழியில் கண்ட பொடிக் கற்களையெல்லாம் கூடவே வர விட்டிருந்தது.

பக்கத்தில் உருண்டு வந்த குட்டிக் கல் ஒன்று தயங்கித் தயங்கிக் கேட்டது: “அண்ணே, எங்களாலதானே உங்களுக்கு இப்படி ஆச்சு?”

“சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்லடா” என்றது புளூட்டோ. ஆனால் அதைச் சொல்லும் முன், தூரத்தில் சுற்றிக்கொண்டிருந்த எட்டுக் கிரகங்களையும் ஏக்கமாக ஒரு பார்வை பார்த்துவிட்டது.

கல் அதைக் கவனித்துவிட்டது. அடுத்த சுற்றில் அது வரவில்லை. மற்றக் கற்களும் ஒவ்வொன்றாய் ஒதுங்கிக்கொண்டன.

இப்போது புளூட்டோவின் பாதை படுசுத்தமாக இருக்கிறது. அண்ணே என்று கூப்பிடத்தான் ஒருவரும் இல்லை.